அம்பரும் ரஷ்ய நகைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கப் போன பிள்ளை விடுமுறைக்கு ஊர் வரும்போது அம்மாவுக்கு ஒரு மஞ்சள் மணிமாலை வாங்கி வருகிறான். அது கல்லா, பிளாஸ்டிக்கா, தண்ணீர் படலாமா என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. பல வருடமாக அம்பர் வாங்குகிறேன், கோக்கிறேன், அறுந்ததைத் திரும்பக் கோத்துத் தருகிறேன். அதனால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

அம்பர் என்பது கல்லா?

கல் இல்லை. மரத்தில் வடிந்த பிசின், மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகியது. ஆனால் முருங்கையிலும் வேம்பிலும் வடிகிற பிசின் வேறு. அது தண்ணீரில் ஊறிக் கரையும். சாம்பிராணியும் குங்கிலியமும் தண்ணீரில் கரையாது, நெருப்பில் போட்டால் மணக்கும். அம்பர் இந்தக் குங்கிலிய வகையைச் சேர்ந்தது. குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 5 கோடி ஆண்டு பழைய அம்பர் கிடைத்திருக்கிறது. அது குங்கிலிய மரங்களின் குடும்பத்தில் பிறந்த பிசின் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

நகைக்கடையில் பெரும்பாலும் பார்ப்பது பால்டிக் அம்பர், வட ஐரோப்பாவின் பால்டிக் கடலோரத்தில் கிடைப்பது. வயது சுமார் 3.5 கோடியிலிருந்து 4.8 கோடி ஆண்டு. கையில் எடுத்தால் முதலில் தெரிவது கனமின்மை. அதே அளவு கண்ணாடி மணியைத் தூக்கிய கைக்கு இது தக்கை போல இருக்கும். கண்ணாடி சில்லென்று இருக்கும், அம்பர் அப்படி இருக்காது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், உடனே வித்தியாசம் தெரியும்.

திமிங்கலத்திலிருந்து வரும் அம்பர் இதுதானா? வைத்திருந்தால் வழக்கு வருமா?

இரண்டும் வேறு வேறு. செய்தித்தாளில் "திமிங்கல வாந்தி கடத்தல்" என்று வருவது அம்பர்கிரிஸ். நம் பழைய பெயர் ஓர்க்கோலை, மீனம்பர் என்றும் சொல்வார்கள். எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மெழுகு போன்ற வாசனைப் பொருள் அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் அரபுச் சொல்: 'அன்பர்' என்பது முதலில் திமிங்கலப் பொருளையே குறித்தது. இரண்டும் கடற்கரையில் ஒதுங்கிக் கிடைத்ததால் ஐரோப்பியர் ஒரே பெயரை இரண்டுக்கும் ஒட்டிவிட்டார்கள். மரப்பிசின் அம்பருக்கு அந்தச் சட்டத்தோடு தொடர்பில்லை.

ரஷ்ய அம்பர் எங்கே எடுக்கிறார்கள்?

கலினின்கிராடு பகுதியில். வரைபடத்தில் பார்த்தால் ரஷ்யாவோடு ஒட்டாமல் போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவே, பால்டிக் கடலோரத்தில் தனித்து இருக்கும். இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அது ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க். அங்கே யந்தார்னி என்ற ஊர் இருக்கிறது. ரஷ்ய மொழியில் 'யந்தார்' என்றாலே அம்பர். உலகில் அறியப்பட்ட இருப்பில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரு வட்டாரத்தில் என்று கணக்கிடுகிறார்கள். 1947இல் தொடங்கிய அரசு ஆலை இன்றும் அங்கே திறந்தவெளிச் சுரங்கத்தில் ஆண்டுக்குச் சில நூறு டன் எடுக்கிறது.

அம்பர் கிடக்கும் மண் அடுக்குக்கு 'நீல மண்' என்று பெயர். பார்க்கப் பச்சை கலந்த சாம்பல் நிறம். அந்த மண்ணை வெட்டி, தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து, சலித்து எடுப்பார்கள். வெளியே வரும்போது அதில் மின்னுவதற்கு எதுவும் இருக்காது. கருத்த பழுப்பு மேலோடு மூடிய, வெல்லக்கட்டி போன்ற துண்டு. தேய்த்துப் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் தேன் நிறம் வெளிப்படும்.

கடற்கரையில் பொறுக்கலாம் என்கிறார்களே?

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் பாசியோடும் மரச்சிராய்களோடும் அம்பர் கரை ஒதுங்கும். உப்புத் தண்ணீரில் ஏறக்குறைய மிதக்கும் அளவுக்கு இலேசானது என்பதால் அலை தள்ளிக்கொண்டு வரும். 13ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டைப் பிடித்த டியூட்டானிக் என்ற ஜெர்மானிய வீரத்துறவிகள் அம்பர் முழுவதும் தங்களுடையது என்று அறிவித்து, அனுமதியின்றிப் பொறுக்கியவரைத் தூக்கிலிட்டார்கள்.

இன்றைக்கு அங்கே போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் எச்சரிக்கை வேறு. பால்டிக் கரையின் சில இடங்களில், முக்கியமாக ஜெர்மனியின் உசேடோம் தீவில், போர்க்காலக் குண்டுகளிலிருந்து வந்த வெள்ளைப் பாஸ்பரஸ் துண்டுகள் ஒதுங்குகின்றன. பார்ப்பதற்கு அசல் அம்பர். ஈரம் இருக்கும்வரை சும்மா இருக்கும். சட்டைப்பையில் வைத்து உடல் சூட்டில் உலர்ந்ததும் தானே தீப்பற்றிக்கொள்ளும். பலர் மோசமாக வெந்திருக்கிறார்கள். கரையில் எடுத்த எதையும் பையில் போடாதீர்கள். தகர டப்பாவில் போட்டு, உடம்பிலிருந்து தள்ளி எடுத்துச் செல்லுங்கள்.

அம்பரைப் பற்றிய கதைகள் என்ன?

எனக்குப் பிடித்தது லிதுவேனியக் கதை. கடலடியில் அம்பர் மாளிகையில் வாழ்ந்த கடலரசி யூராதே, கஸ்தீதிஸ் என்ற மீனவனை விரும்பினாள். இடிக்கடவுள் பெர்க்கூனஸ் சினந்து மின்னலால் மாளிகையைச் சிதறடித்தான். புயலுக்குப் பின் ஒதுங்கும் பெரிய துண்டுகள் அந்த மாளிகையின் சுவர்; துளி வடிவில் கிடைக்கும் சின்னத் துண்டுகள் அவள் கண்ணீர். கிரேக்கர்களும் கண்ணீர் என்றே சொன்னார்கள். சூரியனின் தேரை ஓட்டத் தெரியாமல் ஓட்டி இறந்த பயேத்தோனுக்காக அழுத சகோதரிகள் நெட்டிலிங்கம் போன்ற பாப்ளர் மரங்களாகி, அவர்கள் கண்ணீர் அம்பராக உறைந்ததாம். மரத்திலிருந்து வடிந்தது என்பதை அந்தக் கதை எப்படியோ சரியாகப் பிடித்திருக்கிறது. ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டிலேயே இது மரப்பிசின்தான் என்று தெளிவாக எழுதிவிட்டார்.

பெயர்களிலும் கதை இருக்கிறது. கம்பளித் துணியில் தேய்த்தால் அம்பர் துரும்பை இழுக்கும். பாரசீகத்தில் 'கஹ்ருபா', துரும்பைக் கவர்வது. சமஸ்கிருதத்தில் 'திருணமணி', புல்லை இழுக்கும் மணி. கிரேக்கத்தில் 'எலெக்ட்ரான்'. 1600இல் ஆங்கிலேய அறிஞர் வில்லியம் கில்பர்ட் இந்த இழுப்பைப் பற்றி எழுதும்போது கிரேக்கப் பெயரிலிருந்து ஒரு சொல்லை உருவாக்கினார். நாம் இன்று எலெக்ட்ரிக் என்பது அதன் வழி வந்தது.

அம்பர் அறை என்றால் என்ன?

1701 வாக்கில் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் அரசருக்காகச் செய்யத் தொடங்கிய சுவர்ப் பலகைகள், முழுக்க அம்பர் பதித்தவை. 1716இல் அவை ரஷ்யப் பேரரசர் மகா பீட்டருக்குப் பரிசாகப் போயின. பதிலுக்கு அவர் உயரமான படைவீரர்களை அனுப்பினார். பிறகு பீட்டர்ஸ்பர்க்குக்கு வெளியே உள்ள கேத்தரின் அரண்மனையில் பெரிய அறையாக விரிந்தது. 1941இல் ஜெர்மன் படை அதைக் கழற்றி கோனிக்ஸ்பெர்க் கோட்டைக்கு எடுத்துப்போனது. 1945க்குப் பின் காணவில்லை. அதன் கல்பதிப்புச் சித்திரம் ஒன்று மட்டும் 1997இல் ஜெர்மனியில் கிடைத்தது. இன்று அரண்மனையில் இருப்பது 1979 முதல் 24 ஆண்டு உழைத்து, கலினின்கிராடு அம்பரால் திரும்பச் செய்து 2003இல் திறந்தது. கடையில் யாராவது "பழைய அம்பர் அறைத் துண்டு" என்று நீட்டினால் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

பதப்படுத்திய அம்பர் என்றால் போலியா?

இதுதான் முக்கியமான கேள்வி. கடையில் யாரும் கேட்பதில்லை. "அசலா?" என்று மட்டும் கேட்கிறார்கள். விற்பவர் "அசல்" என்பார், அது உண்மையாகவும் இருக்கும்.

சந்தையில் உள்ள பெரும்பாலான அம்பர் ஏதோ ஒரு வகையில் சூடு கண்டது. கலங்கியதைத் தெளிவாக்க அழுத்தக் கலத்தில் சூடேற்றுவார்கள். உள்ளே வட்ட வட்டமாக மீன் செதில் போல மின்னுகிறதே, பலரும் இயற்கை அழகு என்று மயங்குகிறார்களே, அது அநேகமாக இந்தச் சூட்டில் உண்டானது. கோன்யாக் என்ற பிராந்தியின் அடர்ந்த பழுப்பு நிறமும் அடுப்பில் வரும். பச்சை அம்பர் என்பது சூடும், பின்பக்கத்தில் பூசிய கறுப்பும் சேர்ந்து தரும் தோற்றம். இதற்கு அடுத்த படி, தூளையும் சில்லுகளையும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிய அழுத்த அம்பர். வேதியியல்படி அதுவும் அம்பர்தான். உருப்பெருக்கியில் பார்த்தால் துண்டுகள் சேர்ந்த விளிம்பு தெரியும், குமிழிகள் ஒரே பக்கமாக நீண்டிருக்கும்.

இவற்றில் எதுவும் ஏமாற்று இல்லை, சொல்லி விற்றால். அழுத்த அம்பருக்கு முழுத்துண்டின் விலை வாங்குவதுதான் ஏமாற்று. அதனால் "இது முழுத்துண்டா, அழுத்தியதா? சூடேற்றியதா? நிறம் ஏற்றியதா?" என்று மூன்றையும் கேளுங்கள். பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் விலை உயர்ந்தது எதையும் வாங்க வேண்டாம்.

வீட்டில் எப்படிச் சோதிப்பது?

உப்புத் தண்ணீரில் தொடங்குங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குப் போட்டுக் கலக்கி, தெளிந்ததும் மணியைப் போடுங்கள். அம்பர் மேலே வந்து மிதக்கும். கண்ணாடியும் பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கும் அடியில் உட்காரும். வெள்ளிக் கொக்கி கோத்த நகையில் இது பலிக்காது, உலோகம் இழுத்துவிடும். சோதித்த மணியை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள்.

மிதந்ததெல்லாம் அம்பர் இல்லை. சில பிளாஸ்டிக்கும் மிதக்கும். கோப்பால் என்ற இளம் பிசினும் மிதக்கும். பல வருடம் முன்பு ஒரு சந்தையில் அழகான தேன் நிறக் கோவை ஒன்று வாங்கினேன். உப்புத் தண்ணீரில் மிதந்தது, நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு நாள் நெயில் பாலிஷ் ரிமூவரை ஒரு சொட்டு எடுத்து, ஓட்டைக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தேன். அரை நிமிடத்தில் விரல் ஒட்டியது. எடுத்தபோது என் விரல்ரேகை மணியின் மேல் அப்படியே பதிந்திருந்தது. கோப்பால். அந்த மணியை இன்னும் வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்ட. வாங்கும் ரிமூவரில் அசிட்டோன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வகையில் இந்தச் சோதனை செல்லாது.

ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கில் பால்டிக் அம்பர் பெரும்பாலும் நீலம் கலந்த வெளிர் ஒளி தரும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தினால் ஊசியிலை மரப் பிசின் வாசம் வரும், பிளாஸ்டிக் என்றால் மூக்கை எரிக்கும். ஆனால் அந்தத் தழும்பு போகாது, நான் செய்வதில்லை. தேய்த்துக் காகிதத்தை இழுக்கும் சோதனையை நம்ப வேண்டாம், பிளாஸ்டிக் சீப்பும் இழுக்கிறது. விலை அதிகம் என்றால் அகச்சிவப்பு நிறமாலைக் கருவி உள்ள ரத்தின ஆய்வகத்தில் கொடுங்கள். பால்டிக் அம்பரின் கோடு தோள்பட்டை போல ஒரு தனி வடிவில் வரும், அதில் ஐயத்துக்கு இடமில்லை.

உள்ளே பூச்சி இருந்தால் விலை கூடுமா?

கூடும். அதனாலேயே போலியும் அதிகம். உண்மையான பால்டிக் துண்டில் இருப்பது பெரும்பாலும் கொசு அளவுப் பூச்சி, எறும்பு, சிலந்தி. ஒரு ஓரத்தில், இறக்கை மடங்கி, ஒரு கால் காணாமல் இருக்கும். பிசினில் சிக்கித் தவித்த உயிர் அல்லவா. கருவாலிப் பூவின் நட்சத்திர வடிவ மயிர்களும் பக்கத்தில் மிதக்கும். நட்ட நடுவில், இறக்கையை விரித்துப் படத்துக்கு நிற்பதுபோல ஒரு பெரிய வண்டு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எந்த நிறம் விலை அதிகம்?

நம் கண்ணுக்குத் தெளிந்த தேன் நிறம் பிடிக்கிறது. சீனாவிலும் அரபு நாடுகளிலும் கலங்கிய மஞ்சளைத் தேடுகிறார்கள், முட்டைக்கரு, வெண்ணெய் நிறங்களை. முஸ்லிம்கள் ஜெபத்துக்கு உருட்டும் தஸ்பீஹ் மணிக்கு அதுதான் கிராக்கி. கிராம் கணக்கில் விற்றாலும் பத்து சின்ன மணியின் எடையுள்ள ஒரே பெரிய முழுத்துண்டுக்கு விலை பல மடங்கு.

ஜாதகப்படி புஷ்பராகத்துக்குப் பதிலாக அணியலாமா?

நவரத்தினத்தில் அம்பர் இல்லை. அழகுக்காக அணியுங்கள்.

குழந்தைக்குப் பல் முளைக்கும்போது அம்பர் மாலை போட்டால் வலி குறையுமா?

தயவுசெய்து போடாதீர்கள். பால்டிக் அம்பரில் 3 முதல் 8 சதவீதம் சக்சினிக் அமிலம் இருப்பது உண்மை. உடல் சூட்டில் அது வெளியேறித் தோலுக்குள் போய் வலியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாலை கழுத்தை இறுக்குவதும், அறுந்த மணி தொண்டையில் சிக்குவதும் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 18 மாதக் குழந்தை ஒன்று தூக்கத்தில் அம்பர் மாலை இறுக்கி இறந்தது. 2018இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய மாலைகளுக்கு எதிராக எச்சரிக்கை வெளியிட்டது.

ரஷ்யத் தங்கத்தில் 585 என்று இருக்கிறது. நம் 916 போல இல்லையா?

916 என்பது 22 காரட். 585 என்பது 14 காரட், ஆயிரத்தில் 585 பங்கு தங்கம். மீதியில் செம்பு கூடுதலாகச் சேர்ப்பதால்தான் ரஷ்யத் தங்கம் சிவந்து தெரிகிறது. மட்டமான தங்கம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. கெட்டியாக இருக்கும், கல்லை இறுகப் பிடிக்கும். நம் கடையில் விற்கப் போனால் அந்தப் பங்குக்கு மட்டும் விலை போடுவார்கள், அதை நினைவில் வைத்து வாங்குங்கள்.

பழைய நகையில் முத்திரை வயதைச் சொல்லும். ஜார் காலத்தில் தங்கத்தின் சுத்தத்தைச் சொலோத்னிக் என்ற பழைய அளவில் சொன்னார்கள், 96 என்றால் சுத்தத் தங்கம். 56 என்று இருந்தால் 14 காரட், வெள்ளியில் 84 என்றால் ஆயிரத்தில் 875. 1899 முதல் முத்திரையில் கொக்கோஷ்னிக் என்ற தலையணி அணிந்த பெண் முகம் வருகிறது. 1908 வரை இடப்பக்கம் பார்ப்பாள், அதன்பின் வலப்பக்கம். சோவியத்தில் 1927 முதல் சுத்தியல் ஏந்திய தொழிலாளி தலை, 1958 முதல் நட்சத்திரத்துக்குள் அரிவாள் சுத்தியல். அக்காலத் தங்கத்தில் எண் 583. 1994க்குப் பின் 585 ஆனது, அந்தப் பெண் முகமும் திரும்ப வந்தது. அரிவாள் சுத்தியல் முத்திரையைக் காட்டி "ஜார் அரண்மனை நகை" என்று ஒருவர் சொன்னால் அந்த முத்திரையே அவரை மறுக்கிறது.

அம்பர் நகை பெரும்பாலும் 925 வெள்ளியில் வரும். அதிலும் பெண் முகத்தைத் தேடுங்கள்.

சோவியத் கால அலெக்சாண்ட்ரைட் மோதிரம் கிடைக்கிறது. வாங்கலாமா?

பகலில் பச்சை, குண்டு பல்பு வெளிச்சத்தில் சிவப்பு: அதுதான் அலெக்சாண்ட்ரைட். 1830களில் யூரல் மலையின் மரகதச் சுரங்கங்களில் கிடைத்தது. பின்னாளில் இரண்டாம் அலெக்சாந்தராக முடிசூடிய இளவரசரின் பெயரை வைத்தார்கள். இலங்கை மண்ணிலும் நல்ல கற்கள் கிடைக்கின்றன. சோவியத் மோதிரங்களில் "அலெக்சாண்ட்ரைட்" என்று வரும் பெரிய கற்களோ அநேகமாக ஆய்வகத்தில் வளர்த்த குருந்தம், மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கல் வகை. ஊதாவுக்கும் சாம்பல் நீலத்துக்கும் மாறும், தெளிந்த பச்சை வராது. தங்கம் உண்மை, வேலைப்பாடும் நன்று. தங்கத்தின் விலைக்கு வாங்குங்கள், கல்லின் விலைக்கு வேண்டாம்.

ஃபபெர்ஷே பொருள் என்று விற்கிறார்களே?

கார்ல் ஃபபெர்ஷேயின் பட்டறை 1885 முதல் ஜார் குடும்பத்துக்கு 50 ஈஸ்டர் முட்டைகள் செய்து தந்தது, 1918இல் நாட்டுடைமை ஆனது. அமெரிக்காவில் பழைய பொன் வியாபாரி ஒருவர் உருக்கி விற்கச் சுமார் 14,000 டாலருக்கு வாங்கிய முட்டை, காணாமல் போன அரச முட்டைகளில் ஒன்று என்று 2014இல் வெளியே தெரிந்தது. அப்படி ஒன்று நமக்கும் கிடைக்கும் என்ற ஆசையைத்தான் போலி செய்பவர்கள் விற்கிறார்கள். பெயர் முத்திரையைக் குத்துவது எளிது. எனாமலுக்கு அடியில் கதிர்போல ஓடும் நுண்கோடுகள், திறந்தால் மூடியின் விளிம்பு தெரியாமல் பொருந்துவது, இதைக் கள்ளத்தனமாகச் செய்வது எளிதில்லை. ஏல நிறுவன நிபுணரின் எழுத்து இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கத் தகுந்த வேறு ரஷ்ய வேலைப்பாடுகள்?

என் பணத்தை நான் இவற்றில்தான் போடுவேன். வெலிக்கி உஸ்துக் ஊரின் வெள்ளி: கோடு செதுக்கி, அதில் கறுப்புக் கலவையை உருக்கி நிரப்பித் தேய்த்தது. ரஸ்தோவ் நகரின் 'ஃபினிஃப்ட்': நகத்தளவு எனாமல் தகட்டில் பூவும் முகமும் தூரிகையால் வரைந்து பலமுறை சுட்டது. கஸ்த்ரமா பக்கம் வோல்கா கரையில் கிராஸ்னயே கிராமத்தின் வெள்ளிக் கம்பி வேலை. இன்றும் கைகள் செய்கின்றன, விலையும் எட்டும்.

ஒரு எச்சரிக்கை: 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை ரஷ்யாவிலிருந்து வெளியே கொண்டுவர அந்நாட்டுக் கலாசார அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். புதிய நகை என்றால் பில்லைப் பத்திரமாக வையுங்கள், இங்கே சுங்கத்தில் கேட்பார்கள்.

எப்படிப் பராமரிப்பது?

சென்ட், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் போட்டு முடித்தபின் கடைசியாக அணியுங்கள். வெந்நீர், வெயில், சமையலறைச் சூடு ஆகாது. வியர்வையை மென்துணியால் துடைத்து, தனித் துணிப்பையில் வையுங்கள். வைரத்தோடு ஒரே டப்பாவில் போட்டால் அம்பரில்தான் கீறல் விழும். கொக்கி ஒடிந்தால் ஆசாரியிடம் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: அம்பரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நெருப்பு காட்ட வேண்டும் என்று. ஒரு ஊதலில் கருகிவிடும்.

தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டு வந்த சிவப்பு மணிகள் வீட்டில் உள்ளன. அவையும் அம்பரா?

இருக்கலாம். பர்மாவின் வடக்கே கச்சின் மாநிலத்தில் ஹூகாவ்ங் பள்ளத்தாக்கு அம்பர் சுமார் 9.9 கோடி ஆண்டு பழையது, பால்டிக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல். செர்ரி சிவப்பும் தேநீர் நிறமும் அதன் குணம். சிறகு முளைத்த டைனோசர் வாலின் துண்டு 2016இல் வெளியானதே, அது அந்த அம்பரில் இருந்தது. சுரங்கங்களைச் சுற்றிப் போர் நடப்பதால் புதிதாக வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. உங்கள் தாத்தாவின் மணிகள் அதற்கு முந்தியவை.

ஆனால் அந்தக் காலத்துச் செர்ரி மணிகளில் பேக்கலைட்டும் நிறைய. நூலோடு உப்புத் தண்ணீரில் போட வேண்டாம், பழைய நூல் அழுகும். ஊசியும் வேண்டாம். முதலில் ஒரு மணியை மட்டும் பிரித்தெடுத்து மிதக்கவிட்டுப் பாருங்கள். திரும்பக் கோக்கும்போது ஒவ்வொரு மணிக்கும் நடுவே முடிச்சுப் போடச் சொல்லுங்கள். ஓரிடத்தில் அறுந்தாலும் ஒரு மணிதான் உருளும்.